கொழுந்தும் கணக்கும்

குன்னூரிலிருந்து கோத்தகிரிக்குச் செல்லும் மலைப்பாதையைப் பற்றி எழுதுவோர், மலைச்சரிவெங்கும் பச்சைக் கம்பளம் விரித்தாற்போலத் தேயிலைச் செடிகள் பரந்து கிடப்பதை வருணிக்காமல் விடுவதில்லை. அவ்வழகை நான் குறைத்துக் கூறமாட்டேன். முப்பது ஆண்டுகளுக்கு மேலாக இம்மலையில் கணக்கு ஆசிரியனாக வாழ்ந்தவன் நான். அந்தப் பச்சையைக் காணாத நாள் எனக்கு இல்லை. ஆயினும், செடியில் இருக்கும் கொழுந்தைக் காட்டிலும், செடியை விட்டுப் பிரிந்த கொழுந்து செல்லும் வழியே எனக்கு மிகுந்த வியப்பைத் தருகிறது. அவ்வழியைக் காண விரும்புவோர் தோட்டத்தைக் கடந்து தொழிற்சாலைக்குள் நுழைதல் வேண்டும்.

தொழிற்சாலையை நெருங்கும்போதே நறுமணம் நம்மை எதிர்கொள்ளும். உள்ளே சென்றால் முதலில் காண்பன நீண்ட தொட்டிகள். அவற்றின் நடுவே கம்பிவலை கட்டப்பட்டிருக்கும்; வலைக்கு அடியிலிருந்து காற்றாடி காற்றை மேல்நோக்கித் தள்ளிக்கொண்டிருக்கும். பறித்து வந்த கொழுந்தை அவ்வலையின்மீது பரப்பி, ஏறத்தாழ ஓர் இரவு முழுதும் வாடவிடுகின்றனர். பச்சைக் கொழுந்தின் எடையில் முக்காற்பங்குக்கு மேல் நீரே இருக்கிறது. அந்நீரில் ஒரு பகுதி வெளியேறினால்தான் கொழுந்து அடுத்த பொறிக்கு ஏற்றதாகும். நன்கு வாடிய கொழுந்தின் காம்பை மடக்கிப் பார்த்தால் அது வளையுமேயன்றி ஒடியாது. 'டப்' என்று ஒடிந்தால் இன்னும் வாடவில்லை என்பது பொருள்.

வாடிய கொழுந்து பின்னர்ப் பல்வைத்த உருளைகளுக்கிடையே செல்லும். அவ்வுருளைகள் எதிரெதிராக வெவ்வேறு வேகத்தில் சுழன்று, கொழுந்தை நசுக்கிக் கிழித்துச் சுருட்டிவிடும். இம்முறையைத்தான் சி.டி.சி. என்னும் மூன்று எழுத்துகளால் மலையில் உள்ளோர் அனைவரும் குறிக்கின்றனர். இது 1930-களில் அஸ்ஸாமில் தோன்றிய முறை. கிழிந்த இலையின் சாறு காற்றுடன் கலக்கும்போது பச்சை நிறம் மெல்ல மாறிச் செம்பின் நிறம் பெறுகிறது. இதனைப் புளிக்கவைத்தல் என்று சொல்வது வழக்கம். உண்மையில் இங்குப் புளிப்பும் இல்லை, நுரைத்தலும் இல்லை, காற்றிலுள்ள ஆக்சிசன் இலைச்சாற்றோடு கூடுவதே நிகழ்கிறது. நறுக்கிய ஆப்பிள் பழத்துண்டு சிறிது நேரத்தில் பழுப்பாவதை நீங்கள் கண்டிருப்பீர்கள். அதே செயல்தான் இதுவும். நிறமேறிய இலையைச் சூடான காற்று வீசும் டிரையரில் உலர்த்தி, நூற்றுக்கு மூன்று பங்கு அளவுக்கே ஈரம் நிற்கச் செய்கின்றனர். அதன்பின் நார் நீக்கி, வெவ்வேறு கண்ணளவுள்ள சல்லடைகளில் சலித்துத் தரம் பிரிக்கின்றனர். ஏறத்தாழ நாலரைக் கிலோ கொழுந்து, இத்தனை படிகளையும் கடந்தபின் ஒரு கிலோ தூளாகி நிற்கிறது.

இத்தொழிலை மேற்பார்க்கும் தலைவருக்கு டீமேக்கர் என்று பெயர். எனக்குப் பழக்கமான டீமேக்கர் ஒருவர், ஒவ்வொரு பொறிக்கும் இடையே நின்று, ஒரு பிடி இலையை அள்ளி, விரலால் நெருடி, மூக்கருகே கொண்டுபோய் மணம் பார்த்த பின்னரே அப்பால் செல்வார். "கடிகாரத்தைப் பார்த்தே இதைச் செய்துவிட முடியாதோ?" என்று ஒருநாள் கேட்டேன்.

"மழைநாளின் கொழுந்தும் வெயில்நாளின் கொழுந்தும் ஒன்றாகுமா, ஐயா? கடிகாரம் எல்லா நாளும் ஒன்றையே சொல்லும். இலை அப்படிச் சொல்லாது. ஒவ்வொரு படியிலும் வெளிவருவதைப் பாராமல் விட்டுவிட்டு, கடைசியில் கோப்பையில் ஊற்றிக் குடித்துப் பார்த்து என்ன பயன்? கெட்டது எந்தப் படியில் என்று கோப்பை சொல்லுமா?" என்றார் அவர்.

அவர் கூறியதை நான் பிறகு வேறோரிடத்தில் நினைத்துப் பார்க்கும்படி நேர்ந்தது. அதைச் சொல்லுமுன் இலக்கணம் சிறிது பேசவேண்டியிருக்கிறது. கணக்கு ஆசிரியன் இலக்கணம் பேசலாமா என்று தமிழாசிரியர்கள் சினவாதிருப்பார்களாக.

"பறித்து, வாட்டி, நசுக்கி, நிறமேற்றி, உலர்த்தி, சலித்து எடுத்தனர்." இந்தத் தொடரில் ஆறு வினையெச்சங்களும் இறுதியில் ஒரு வினைமுற்றும் உள்ளன. ஒவ்வோர் எச்சமும் ஒரு தொழிலை முடித்து, 'இனி அடுத்தது' என்று கையை நீட்டி நிற்கிறது. முற்று வந்தபின்னரே கை மடங்குகிறது. எச்சங்கள் நிற்கும் வரிசையே தொழில்கள் நிகழும் வரிசை. இப்பொழுது இத்தொடரைச் சற்று மாற்றி, "உலர்த்தி, சலித்து, வாட்டி, பறித்து எடுத்தனர்" என்று எழுதுங்கள். இலக்கணத்தில் யாதொரு வழுவும் இல்லை. தமிழாசிரியர் சிவப்பு மை இடமாட்டார். டீமேக்கர்தான் தலையில் கை வைப்பார்.

கணிப்பொறியில் நிரல் எழுதுவோர் ஏறக்குறைய இவ்வாறே எழுதுகின்றனர். ஒரு பெருங்குவியலான தரவு இருக்கிறது என்று கொள்வோம். தரவு என்பது எண்ணும் பெயரும் நாளும் இடமுமாகத் திரட்டி வைத்த செய்தி. அக்குவியல்மீது செய்யத்தக்க ஒவ்வொரு தொழிலுக்கும் ஒரு பெயர் இட்டிருப்பர். அதனை மெத்தட் என்பர். நாம் செய்முறை என்போம். வேண்டாததை நீக்குவது ஒரு செய்முறை; வரிசைப்படுத்துவது ஒன்று; வகைவாரியாகப் பிரிப்பது ஒன்று; கூட்டுவது ஒன்று. ஒரு செய்முறை தரவை வாங்கி, தன் தொழிலை மட்டும் செய்து, விளைந்ததை வெளியே நீட்டுகிறது. அதை அடுத்த செய்முறை வாங்கிக்கொள்கிறது. குவியலின் பெயருக்குப் பின் ஒரு புள்ளி, செய்முறையின் பெயர், மீண்டும் ஒரு புள்ளி, அடுத்த பெயர் என ஒரே வரியில் கோத்துவிடுவர். இவ்வாறு கோக்கப்பட்ட வழிக்குப் பைப்லைன், அதாவது குழாய்வழி, என்று பெயர்.

குழாய் என்னும் உவமை வந்த கதையும் சுவையானது. அமெரிக்காவின் பெல் ஆய்வுக்கூடத்தில் பணியாற்றிய டக்ளஸ் மெக்கில்ராய் என்பவர், தோட்டத்துக்கு நீர்விடும் ரப்பர்க் குழாய்களை ஒன்றோடொன்று பொருத்தி நீட்டிக்கொள்வது போல நிரல்களையும் பொருத்திக்கொள்ள வழி வேண்டும் என்று 1964-இல் ஒரு குறிப்பு எழுதிவைத்தார். ஒன்பது ஆண்டுகள் கழித்து, 1973-இல், அவருடன் பணிபுரிந்த கென் தாம்சன் அதனை யூனிக்ஸ் என்னும் இயங்குதளத்தில் செய்து காட்டினார். நெட்டுக்கோடு ஒன்றே அங்குக் குழாயின் குறி. கோட்டுக்கு இடப்புறம் உள்ள நிரல் வெளியிடுவது வலப்புறம் உள்ளதற்கு உணவாகும். பின்னர் வந்த மொழிகளில் நெட்டுக்கோட்டின் வேலையைப் புள்ளியும் செய்யலாயிற்று.

ஒரு செய்முறை எதற்கு உரியது என்பதும் இங்கு முக்கியம். சலித்தல் என்பது தூளுக்கு உண்டு. பச்சைக் கொழுந்துக்கு இல்லை. பச்சைக் கொழுந்தைச் சல்லடையில் கொட்டினால் அது சும்மா கிடக்கும். அவ்வாறே பெயர்களின் பட்டியலைப் பெருக்கு என்றால் கணிப்பொறி மறுத்துவிடும். முந்திய படி எத்தகைய பொருளை வெளிவிடுகிறதோ, அத்தகைய பொருளை வாங்கவல்ல படியே அடுத்து நிற்கமுடியும். இவ்வகைப் பிழையைப் பொறியே கண்டு கூவிவிடும்; அதனால் பெரிய தீங்கு இல்லை. அஞ்சத்தக்க பிழை வேறு. படிகள் ஒன்றோடொன்று பொருந்தும், பொறியும் மறுக்காது, விடையும் வரும், வரிசை மட்டும் தவறாக இருக்கும். "உலர்த்தி, சலித்து, வாட்டி" என்னும் தொடரைப் போன்ற பிழை அது.

கோத்தகிரிப் பக்கத்தில் சிறு தேயிலை விவசாயிகள் மிகுதி. ஓர் ஏக்கர், இரண்டு ஏக்கர் எனச் சொந்த நிலம் வைத்திருப்பவர்கள். அவர்களுக்குச் சொந்தத் தொழிற்சாலை கிடையாது. பறித்த கொழுந்தை மூட்டையாகக் கட்டிச் சாலையோரத்து எடையிடத்திற்குக் கொண்டுவந்து நிறுத்துக் கொடுப்பார்கள். மாத முடிவில் கணக்குப் பார்த்துப் பணம் தருவார்கள். கொழுந்து இரண்டு நாள் காத்திருக்காது. ஆதலால் பணத்துக்காக விவசாயிதான் காத்திருக்கவேண்டும். மாதக் கணக்கில் ஒரு மூட்டை குறைந்தால் அது பள்ளிக்கூடப் பைக்கும் மண்ணெண்ணெய்க்கும் மருந்துக்கும் குறைவதாகும்.

அத்தகைய விவசாயிகள் சிலர் சேர்ந்து நடத்திய ஒரு குழுவின் கணக்கை, என்னிடம் முன்னர்ப் படித்த இளைஞர் ஒருவர் கணிப்பொறியில் ஏற்றி நடத்திவந்தார். எடையிடத்தில் இருப்பவர் ஒவ்வொரு மூட்டையின் எடையையும் தம் கைப்பேசியில் பதிந்து அனுப்புவார். நாள், உறுப்பினர் எண், எடை ஆகிய மூன்றும் ஒரு சீட்டாகக் கணிப்பொறியில் வந்து விழும். பனி மூடிய பள்ளத்தாக்கில் அலைவரிசை எப்பொழுதும் கிடைப்பதில்லை. செய்தி போயிற்றோ இல்லையோ என்று ஐயுற்று அவர் மறுமுறையும் அனுப்புவார். ஒரே சீட்டு இரண்டாக வந்து சேரும். இரட்டைச் சீட்டை நீக்காவிட்டால் கொடாத கொழுந்துக்குப் பணம் கொடுக்க நேரும். இவற்றையெல்லாம் எண்ணி, இளைஞர் தம் குழாய்வழியை இவ்வாறு கோத்திருந்தார்:

சீட்டுகள். சாக்கெடைகழி. முழுஎண்ணாக்கு. இரட்டைநீக்கு. ஆள்வாரிகூட்டு. விலைபெருக்கு.

ஒரே வரி. ஒரு பொத்தானை அழுத்தினால் ஒரு நொடிக்குள் மாதக் கணக்கு முழுவதும் வெளிவரும். முன்பு இதே வேலைக்கு மூன்று நாள் ஆனதாம்.

நான் அங்கு ஒருநாள் மாலை சென்றிருந்தபோது, அறுபது வயதைக் கடந்த படகர் குல மூதாட்டி ஒருவர், வெள்ளைத் துணியைத் தோளைச் சுற்றிப் போர்த்தவராய் வந்து நின்றார். கையில் கணக்குத் தாள் இருந்தது.

"தம்பி, அன்றைக்குக் காலையில் ஒரு மூட்டை, பிற்பகலில் ஒரு மூட்டை, இரண்டு முறை நிறுத்துப் போட்டேன். உன் தாளில் ஒரு மூட்டைதான் இருக்கிறது" என்றார்.

"கணிப்பொறி தானாக எதையும் குறைக்காது, அம்மா" என்றார் இளைஞர், பணிவாகவே.

"நானும் தானாகக் கூட்டிச் சொல்லவில்லை, தம்பி. சீட்டு இருக்கிறது, பார்" என்று இடுப்பிலிருந்த சுருக்குப்பையை அவிழ்த்து இரண்டு துண்டுத் தாள்களை மேசைமேல் வைத்தார்.

முதல் தாளில் 18.9 கிலோ, இரண்டாவதில் 18.3 கிலோ. இரண்டும் ஒரே நாள். இளைஞர் கணிப்பொறியைத் திறந்து, வந்து விழுந்த மூலச் சீட்டுகளைத் தேடினார். இரண்டு சீட்டுகளும் அங்கே இருந்தன. கணக்கின் முடிவிலோ ஒன்றே இருந்தது. இடையில் எங்கோ ஒரு மூட்டை மறைந்துவிட்டது.

"ஒரே வரியாக ஓடவிடாதே. ஒவ்வொரு படிக்கும் பின்னால் நிறுத்தி, வெளிவருவது என்ன என்று பார்ப்போம்" என்றேன். அப்பொழுதுதான் எனக்கு டீமேக்கரின் மூக்கு நினைவுக்கு வந்தது. இளைஞர் அந்த வரியை ஐந்தாக உடைத்தார். ஒவ்வொரு படியின் விளைவுக்கும் ஒரு பெயர் இட்டு, எத்தனை சீட்டுகள் உள்ளே சென்றன, எத்தனை வெளியே வந்தன என்று எழுதச் செய்தார்.

சாக்கின் எடையாக அரைக் கிலோ கழிந்ததும், அம்மூதாட்டியின் மூட்டைகள் 18.4 என்றும் 17.8 என்றும் ஆயின. அடுத்த படி பின்னத்தை நீக்கி அருகிலுள்ள முழு எண்ணாக்கியது. 18.4 குறைந்து 18 ஆயிற்று, 17.8 கூடி 18 ஆயிற்று. இப்பொழுது அந்த இரண்டு சீட்டுகளிலும் நாளும் ஒன்று, உறுப்பினர் எண்ணும் ஒன்று, எடையும் ஒன்று. அடுத்துக் காத்திருந்தது இரட்டைநீக்கு. அதற்கு இட்ட கட்டளை, மூன்றும் ஒத்திருந்தால் ஒன்றைத் தள்ளிவிடு என்பது. அது தள்ளிவிட்டது. தன் கடமையை அது வழுவாமல் செய்தது. முழுஎண்ணாக்கும் வழுவாமல் செய்தது. இரண்டையும் தனித்தனியே சோதித்தால் குற்றம் காணமுடியாது. ஒன்றன்பின் ஒன்றாக நின்ற முறையிலேயே குற்றம் இருந்தது.

இளைஞர் இரட்டைநீக்கு என்பதைச் சீட்டுகளுக்கு அடுத்து முதல் படியாக வைத்தார். முழுஎண்ணாக்கு என்பதை ஆள்வாரிகூட்டுக்குப் பின்னால் தள்ளினார். அவ்வாறு தள்ளியதில் வேறொரு நன்மையும் விளைந்தது. மூட்டைதோறும் பின்னத்தை வெட்டுவதற்கு மாறாக, மாதம் முழுவதும் கூட்டிய பின் ஒரே ஒருமுறை வெட்டும்போது ஒருவருக்கும் அரைக் கிலோவுக்கு மேல் மாறுபாடு வராது. ஆயினும் இதுவும் முழுத் தீர்வு ஆகாது என்பது என் எண்ணம். மெய்யாகவே ஒருவர் காலையும் மாலையும் சரியாக 18.4 கிலோ கொடுத்தால் என்ன செய்வது? ஆகவே எடையிடத்திலேயே ஒவ்வொரு சீட்டுக்கும் ஒரு வரிசை எண் இடும்படி ஏற்பாடு செய்தனர். வரிசை எண் ஒத்தால் மட்டுமே இரட்டை. மூதாட்டிக்கு அம்மாதமே பணம் சேர்ந்தது. அவரைப்போலவே வேறு சிலருக்கும் முந்திய மாதங்களின் நிலுவை இருந்தது தெரியவந்தது. அவர்களில் ஒருவரும் சீட்டை வைத்திருக்கவில்லை. முறையிட வரவும் இல்லை. மூலச் சீட்டுகள் கணிப்பொறியில் அழியாதிருந்தமையால், திருத்திய குழாய்வழியில் அவற்றை மீண்டும் ஓடவிட்டு, ஒவ்வொருவருக்கும் உரியதைக் கண்டு கொடுத்தனர்.

தேயிலைக்கும் தரவுக்கும் உள்ள பெரிய வேறுபாடு இங்கேதான் இருக்கிறது. கிழிந்த இலை மீண்டும் கொழுந்தாகாது. தவறாக உலர்த்தியது தவறாக உலர்ந்ததே. தரவோ, செய்முறைகளை ஒழுங்காக அமைத்திருந்தால், படிதோறும் புதிய குவியலாக எழுதப்படுகிறது. பழைய குவியல் தொடப்படாமல் தன்னிடத்தில் இருக்கிறது. சில செய்முறைகள் வந்த குவியலையே அழித்து அதன் மேலேயே எழுதும் இயல்புடையவை. அவை இடத்தை மிச்சப்படுத்தும், விரைவாகவும் ஓடும். ஆயினும் பிறர் பணத்தைக் கணக்கிடும் இடத்தில் நான் அவற்றை வைக்க ஒப்பமாட்டேன்.

படிகளில் சில மீளும் இயல்பின, சில மீளாதன. சாக்கெடையைக் கழித்ததை மீண்டும் கூட்டிவிடலாம். முழு எண்ணாக்கியதை மீட்க இயலாது. 18 என்பதைப் பார்த்து அது 18.4 ஆக இருந்ததா, 17.8 ஆக இருந்ததா என்று எவரும் சொல்ல முடியாது. கூட்டுவதும் சராசரி காண்பதும் அவ்வாறே. கூட்டுத்தொகைக்குள் போன எண் தன் முகத்தை இழந்துவிடுகிறது. மீளாத படியை எவ்வளவு பின்னால் தள்ளமுடியுமோ அவ்வளவு பின்னால் தள்ளவேண்டும் என்பதை அந்த மூதாட்டியின் மூட்டை எனக்குத் தெளிவாகக் காட்டிற்று.

இதே நீலகிரியில், இதனினும் பன்மடங்கு பெரிய குழாய்வழி ஒன்று இரவும் பகலும் ஓடிக்கொண்டிருக்கிறது. உதகமண்டலத்தில், கடல் மட்டத்துக்கு மேல் ஏறத்தாழ 2200 மீட்டர் உயரத்தில், டாட்டா அடிப்படை ஆராய்ச்சி நிறுவனத்தின் காஸ்மிக் கதிர் ஆய்வுக்கூடம் உள்ளது. அங்கு நடைபெறும் ஆய்வுக்குக் கிரேப்ஸ்–3 என்று பெயர். சப்பானிய அறிவியலாரும் அதில் பங்கு கொண்டுள்ளனர். விண்வெளியிலிருந்து வரும் காஸ்மிக் கதிர்கள் நம் காற்றுமண்டலத்தின் உச்சியில் மோதிச் சிதறும்போது மியூவான் என்னும் நுண்துகள்கள் தோன்றுகின்றன. அவை மழைபோல நம்மீது ஓயாது பெய்துகொண்டிருக்கின்றன, நம் உடலைத் துளைத்துச் செல்கின்றன, நாம் அறிவதில்லை. உதகையில் அவற்றை எண்ணுவதற்கென 3712 நீண்ட எஃகுக் குழாய்களை அடுக்கி வைத்திருக்கின்றனர். ஒவ்வொன்றும் 6 மீட்டர் நீளம். நான்கு அடுக்குகளாக அவை கிடப்பதால், எந்தெந்தக் குழாயைத் துகள் துளைத்தது என்பதைக்கொண்டு அது வந்த திசையையும் அறியலாம். வானத்தை 169 திசைகளாகப் பகுத்து எண்ணுகின்றனர். நாள் ஒன்றுக்குப் பதிவாகும் மியூவான்கள் ஏறத்தாழ 400 கோடி.

400 கோடி எண்ணிக்கையை வைத்துக்கொண்டு மனிதன் என்ன செய்வான்? படிப்படியாகத்தான் செல்லவேண்டும். துளைபட்ட குழாய்களிலிருந்து திசையைக் காண்பது ஒரு படி. திசைவாரியாகவும் நேரவாரியாகவும் எண்ணுவது மற்றொரு படி. சரியாக வேலை செய்யாத கருவியின் கணக்கை ஒதுக்குவது ஒன்று. பின்னர், காற்றின் அழுத்தத்திற்காகத் திருத்துவது ஒன்று. காற்றழுத்தம் கூடினால் மியூவான்கள் கடந்துவரவேண்டிய காற்றும் கூடுகிறது. வந்து சேர்வன குறைகின்றன. அழுத்தம் ஒரு ஹெக்டோபாஸ்கல் கூடினால் எண்ணிக்கை நூற்றுக்கு ஏறத்தாழ 0.13 பங்கு குறையும். நம் வெப்ப நாடுகளிலோ காற்றழுத்தம் நாள்தோறும் இருமுறை ஏறி இருமுறை இறங்குகிறது. மேல்காற்றின் வெப்பநிலைக்கேற்பவும் எண்ணிக்கை பருவந்தோறும் மாறுகிறது. இவற்றைக் கழித்த பின்னரே, எஞ்சிய ஏற்ற இறக்கம் வானத்தில் நிகழ்ந்த எதனால் என்று கேட்கத் தகுதி உண்டாகிறது.

இடிமேகம் கடந்து செல்லும்போது சில நிமிடங்களுக்கு மியூவான் எண்ணிக்கை மாறுவதை அவ்வறிஞர்கள் கண்டனர். மேகத்தின் மின்னழுத்தமே அதற்குக் காரணம். மியூவான்கள் மின்னூட்டம் உடையவை. மேகத்துக்குள் நுழையும்போது சில வேகம் இழக்கின்றன, சில வேகம் பெறுகின்றன. ஆகவே எண்ணிக்கை எவ்வளவு மாறுகிறது என்பதைக் கொண்டு, எவரும் ஏறிச்சென்று அளக்கமுடியாத மேகத்தின் மின்னழுத்தத்தைத் தரையிலிருந்தே அளந்துவிடலாம். 2011 ஏப்ரல் முதல் 2014 டிசம்பர் வரை 184 இடிமழைகள் பதிவாயின. அவற்றுள் 2014 டிசம்பர் 1-ஆம் நாள் வந்தது மிகப் பெரியது. தரையில் வெவ்வேறு இடங்களில் வைத்திருந்த நான்கு மின்புலக் கருவிகளின் பதிவும் உதவியாக இருந்தது. அம்மேகம் 11.4 கிலோமீட்டர் உயரத்தில் நின்றது. 380 சதுரக் கிலோமீட்டருக்குக் குறையாத பரப்புடையது. மணிக்கு ஏறத்தாழ 60 கிலோமீட்டர் வேகத்தில் நகர்ந்தது. அதன் மின்னழுத்தம் 130 கோடி வோல்ட்! மேகங்களில் இத்துணைப் பெரிய மின்னழுத்தம் இருக்கக்கூடும் என்று, முகில்கலத்தை அமைத்து நோபல் பரிசு பெற்ற வில்சன் என்னும் அறிஞர் 1920-களிலேயே கருதியிருந்தார். அதற்கு நேரடியான சான்று கிடைத்ததாக 2019-இல் உதகையிலிருந்துதான் உலகத்துக்குச் செய்தி சென்றது.

அந்தப் பெருமேகம் மியூவான் எண்ணிக்கையில் இட்டுச் சென்ற தடம் எவ்வளவு என்று கேட்பீர்களானால், வானத்தின் ஒரு பகுதியில், ஏறத்தாழ 18 நிமிடங்களுக்கு, நூற்றுக்கு இரண்டு பங்கு குறைவு. அவ்வளவே. நான் கணக்கு ஆசிரியன் ஆகையால் தாளும் எழுதுகோலும் எடுத்துக்கொண்டு உட்கார்ந்தேன். மணிவாரிச் சராசரி காணும் படி முன்னால் நின்றிருந்தால், 18 நிமிடத்து இரண்டு பங்கு, 60 நிமிடத்தில் பரவி, நூற்றுக்கு 0.6 பங்காகத் தேய்ந்திருக்கும். நாள்வாரிச் சராசரி முன்னால் நின்றிருந்தால், 1440 நிமிடங்களில் பரவி 0.025 பங்காகிவிடும். காற்றழுத்தம் ஒரே ஒரு ஹெக்டோபாஸ்கல் அசைந்தால் உண்டாகும் மாறுதல் அதனைப்போல் ஐந்து மடங்கு.